பைன் பேரன்ஸில் கைவிடப்பட்ட கிரான்பெர்ரி வயல்களும் வற்றிய நீர்த்தேக்கங்களும்: முதன்முறை நடக்கப் போகிறவர்களுக்கு

நியூ ஜெர்சியின் தென்பாதியில் பைன் பேரன்ஸ் என்று ஒரு பெரிய மணற்காடு இருக்கிறது. 1978-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் காப்பிடமாக அறிவித்த பரப்பு மட்டும் சுமார் 11 லட்சம் ஏக்கர். எடிசன், பிளெய்ன்ஸ்பரோ பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் அட்லாண்டிக் சிட்டிக்கோ கடற்கரைக்கோ போகும் வழியில் இதன் ஓரத்தைக் கடந்திருப்பார்கள். கார் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரே உயரத்தில் பைன் மரங்களும் வெள்ளை மணலும்தான். இறங்கி அரை மைல் நடந்தால் காட்டுக்கு நடுவே அளவெடுத்தது போல நேரான கரைகள் தென்படும். கரைக்கு ஒரு பக்கம் தேநீர் நிறத்தில் தண்ணீர், மறுபக்கம் புதர் மண்டிய சமதளம், நடுவில் பலகை மட்கிய ஒரு மதகு. எல்லாம் பழைய கிரான்பெர்ரி வயல்கள்.

இங்கே ஏறிப் பார்க்க மலை இல்லை, அருவி இல்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் அதை எங்கே நிறுத்தினார்கள், எந்த வழியாக வெளியே விட்டார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த நடையின் சுவை. அது பிடிபட்டால் வழி தவறாது. எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

தண்ணீர் எப்படி ஓடியது

கிரான்பெர்ரி தண்ணீருக்குள் வளரும் செடி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிவப்புப் பழங்கள் மிதக்க, இடுப்பளவு தண்ணீரில் இருவர் நிற்கும் விளம்பரப் படங்கள் செய்த வேலை அது. உண்மையில் இது தரையோடு படரும் கொடி. அமிலத்தன்மையுள்ள மணலும் மக்கிய சதுப்பு மண்ணும் சேர்ந்த ஈரத் தரை இதற்குப் போதும். வருடத்தில் சில தடவைதான் வயலில் தண்ணீர் கட்டுவார்கள். கடுங்குளிரிலும் காய்ந்த காற்றிலும் கொடி கருகாமல் இருக்கக் குளிர்காலம் முழுக்க மூழ்கடித்து வைப்பார்கள். வசந்தத்தில் உறைபனி வரும் என்று தெரிந்தால் அவசரமாகக் கொஞ்சம் விடுவார்கள். அறுவடைக்காகத் தண்ணீர் கட்டும் வழக்கம் பரவியது 1960-களுக்குப் பிறகுதான். பழத்துக்குள் காற்றறைகள் இருப்பதால், கொடியை அலசிவிட்டால் பழம் தானே மேலே வந்து மிதக்கும். அதற்கு முன்பெல்லாம் மண்டியிட்டுக் கையாலும், பல் வைத்த மரச் சீப்புப் பெட்டியாலும்தான் பறித்தார்கள்.

இத்தனை தண்ணீருக்கு மேட்டில் ஒரு தேக்கம் வேண்டும். ஏரிப் பாசன ஊரில் வளர்ந்தவருக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம்: மேலே ஏரி, கரையில் மதகு, கீழே வாய்க்கால், அடுத்தடுத்து வயல்கள், கடைசியில் வடிகால் ஓடை. ஒரு வயலில் நின்ற தண்ணீர் மதகு வழியாக அடுத்த வயலுக்குப் போகும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சமே தாழ்வு, சில இடங்களில் ஓரிரண்டு அடிதான். கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் இந்த நிலத்தில் அந்தச் சரிவைக் கண்டுபிடிப்பது ஒரு தனி சந்தோஷம்.

சரி, ஏன் கைவிட்டார்கள்? காரணம் ஒன்றல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தத்துப்பூச்சி பரப்பிய ஒரு நோய் வந்தது. பூ விரியும், காய் பிடிக்காது. நியூ ஜெர்சி வயல்கள் அதில் நொந்துபோயின. பிறகு 1959 நவம்பர். நன்றி நவிலல் பண்டிகைக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது, கிரான்பெர்ரியின் ஒரு பகுதியில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லி கலந்திருக்கிறது என்று அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் ஆர்தர் ஃப்ளெமிங் அறிவித்தார். சிக்கலான பழம் மேற்குக் கரை மாநிலங்களுடையது, ஆனால் அடி விழுந்தது எல்லோருக்கும். அப்புறம் நீர்த்தெளிப்பான்கள் வந்தன. உறைபனிக்காக வயலையே மூழ்கடிக்கும் தேவை குறைந்தது, மேட்டுத் தேக்கங்கள் சிலவற்றுக்கு வேலை போயிற்று. சிறு பண்ணைகள் ஒவ்வொன்றாக அரசுக்கும் அறக்கட்டளைகளுக்கும் கை மாறின. விவசாயம் அழிந்துவிடவில்லை. சாட்ஸ்வொர்த் ஊரைச் சுற்றி இன்றும் நல்ல விளைச்சல் உண்டு, அவை தனியார் நிலங்கள்.

முதல் நடைக்கு எங்கே போகலாம்

யோசிக்கவே வேண்டாம், ஒயிட்ஸ்பாக். பர்லிங்டன் மாவட்டத்தில், பிரெண்டன் டி. பெர்ன் அரசுக் காட்டுக்குள், பிரவுன்ஸ் மில்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடிசனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். ஏறக்குறைய 3,000 ஏக்கர். ஜேம்ஸ் ஃபென்விக் 1850-களில் தொடங்கியதை அவர் மருமகன் ஜோசப் ஒயிட் பெரிதாக்கினார். ஜோசப்பின் மகள் எலிசபெத் ஒயிட்தான், தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவிலுடன் சேர்ந்து, இன்று கடையில் டப்பா டப்பாவாக நாம் வாங்கும் புளூபெர்ரியைப் பயிராக்கியவர். 5/8 அங்குலத் துளை போட்ட அளவுகோலைக் காட்டு மக்களிடம் கொடுத்து, "இந்தத் துளையில் நுழையாத அளவு பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டுங்கள்" என்று கேட்டார். முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது 1916-இல். அவர் வாழ்ந்த சன்னிங்கிவ் வீடு பழைய வயலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அறுவடைக்கு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து இத்தாலியக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வந்து தங்கின. அவர்களுடைய குடியிருப்புகளுக்கு ரோம், ஃபிளாரன்ஸ் என்று பெயர். 1910 செப்டம்பரில் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் இங்கே வந்து, வயலில் வேலை செய்த சிறுவர் சிறுமியரைப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையச் சேகரிப்பில் இருக்கின்றன. போவதற்கு முன் பாருங்கள், கரையில் நடக்கும்போது இடம் வேறாகத் தெரியும்.

முதல் தடவைக்கு ஒயிட்ஸ்பாக் ஏன் நல்லது என்றால், கரைகள் அகலம், வழி குழப்பாது, கிராமக் கட்டடங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஆர்க்டிக் பகுதியிலிருந்து வரும் டண்ட்ரா அன்னங்கள் நீர் நிறைந்த வயல்களில் இறங்கும். அவற்றுக்காகவே தொலைநோக்கியோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவதாக, ஓஷன் மாவட்டத்தில் டபுள் டிரபிள் அரசுப் பூங்கா. கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையிலிருந்து இறங்கினால் பக்கத்திலேயே. சிடார் ஓடை, பழைய மர அறுவை ஆலை, பழம் தரம்பிரித்துப் பெட்டியில் அடைத்த கூடம் எல்லாம் ஒரே இடத்தில். நல்ல கிரான்பெர்ரி பந்து போலத் துள்ளும், அழுகியது துள்ளாது. பலகைகள் மீது துள்ள வைத்தே பிரிக்கும் இயந்திரங்கள் இங்கே ஓடின. குழந்தைகளோடு போகிறவர்கள் இதையே முதலில் வைத்துக்கொள்ளலாம், ஒரு சிறு சுற்றுப்பாதை போதும்.

மூன்றாவது, சாட்ஸ்வொர்த் அருகே ஃபிராங்க்ளின் பார்க்கர் பாதுகாப்பு நிலம். பெரிய கிரான்பெர்ரிப் பண்ணையாக இருந்த 9,400 ஏக்கரை 2003-இல் நியூ ஜெர்சி கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் வாங்கியது. வடிகால்களை அடைத்து, கரைகளை வெட்டிவிட்டு, சிடார் கன்றுகள் நட்டு, வயல்களை மறுபடியும் சதுப்பாக மாற்றியிருக்கிறார்கள். வேண்டுமென்றே வற்ற வைத்த தேக்கமும், வேண்டுமென்றே நனைய விட்ட வயலும் எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் தெரியாது. ஆனால் இது பரந்த வெளி, நிழல் குறைவு, திரும்பும் தூரத்தைக் கணக்குப் போட்டு நடக்க வேண்டும்.

வார்ட்டன் அரசுக் காட்டுக்குள் ஃபிரெண்ட்ஷிப், ஹாம்ப்டன் ஃபர்னஸ் போன்ற மறைந்த ஊர்களும் அவற்றின் வயல்களும் இருக்கின்றன. அஸ்திவாரக் கற்கள், செங்கல் குவியல், சுற்றிலும் அமைதி. அருமையான இடங்கள்தான், ஆனால் அங்கே போகும் மணல் சாலைகளே ஒரு பரீட்சை. கொஞ்சம் பழகிய பிறகு போங்கள்.

வீட்டில் உட்கார்ந்தே செய்ய வேண்டிய வேலை

பாதி நடை மேஜையிலேயே முடிந்துவிடும். மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் பழைய நிலவரைபடங்கள். இணையத்தில் இலவசம். 'கிரான்பெர்ரி பாக்' என்றே அச்சிட்டிருப்பார்கள், தேக்கம், வாய்க்கால் எல்லாம் நீல நிறத்தில் இருக்கும். இரண்டாவது, 1930-களில் நியூ ஜெர்சி முழுவதையும் விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். மாநில அரசின் வரைபடத் தளத்தில் கிடைக்கும். இன்று காடாகத் தெரியும் இடத்தில் அன்று கட்டம் கட்டமாக வயல் இருந்ததை அதில் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் வியப்புத்தான். மூன்றாவது, லைடார் நிழல்படம். லேசர் கதிரால் தரையின் மேடு பள்ளத்தை அளந்து, மரங்களை நீக்கிக் காட்டும் படம் இது. கரையும் வாய்க்காலும் கைரேகை போலத் தெளிவாகத் தெரியும்.

இவற்றைப் பார்த்து ஒரு காகிதத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேக்கம் எது, தண்ணீர் கடைசியில் சேரும் ஓடை எது, நடுவில் மதகுகள் இருக்கக்கூடிய இடங்கள் எவை. கரையும் வாய்க்காலும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியிலும் மதகு இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு நிலம் யாருடையது என்று சரிபாருங்கள். அரசுக் காட்டின் எல்லையும் தனியார் பண்ணையின் எல்லையும் ஒரே கரையின் இரு பக்கமாக இருப்பது இங்கே சாதாரணம்.

கைபேசியில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனால் சிக்னல் நம்ப முடியாது. எங்கே நிறுத்துகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். காரைத் தார்ச் சாலையை ஒட்டிய நிறுத்தத்திலேயே விடுங்கள். சர்க்கரை போன்ற இந்த மணலில் சாதாரண கார் இறங்கினால் இழுத்துப் போடும் வண்டிக்காரருக்குத்தான் லாபம்.

எப்போது

என் ஓட்டு நவம்பருக்கு. மேப்பிள் இலை கொட்டியிருக்கும், கரைகள் தெளிவாகத் தெரியும், எஞ்சியிருக்கும் கிரான்பெர்ரிக் கொடிகள் கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். அந்த நிறத்தை வைத்தே பழைய வயல் எங்கே முடிகிறது என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். சிக்கல், அது மான் வேட்டைக் காலமும் கூட. ஆரஞ்சு நிற மேலங்கி கட்டாயம், டிசம்பரில் துப்பாக்கி வேட்டை வாரத்தில் போகாமலிருப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி வேட்டைக்கு நியூ ஜெர்சியில் நெடுங்காலமாகத் தடை உண்டு என்றாலும், சில நிலங்களில் ஞாயிறன்றும் வில் வேட்டை நடக்கும். அந்த ஆண்டு விதிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோடை வேண்டாம். கொசு, மான் ஈ, தோலை அரிக்க வைக்கும் சிக்கர் பூச்சி, எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்தில் திரும்ப வைத்துவிடும். வசந்தம் காட்டுத்தீயின் பருவம். 2025 ஏப்ரலில் ஓஷன் மாவட்டத்தில் பரவிய தீ 15,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. மழை பொய்க்கும் ஆண்டில் இலையுதிர் காலமும் அப்படித்தான். 2024 அக்டோபரில் தென் நியூ ஜெர்சியில் மழையே இல்லை என்று சொல்லலாம். தேக்கங்கள் வற்றித் தரை தெரிவது அப்படிப்பட்ட காலத்தில்தான், ஆகவே வற்றிய தேக்கத்தைத் தேடிப் போகிறவர் தீ எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். காய்ந்த சதுப்பு மண் தரைக்கு அடியிலேயே கனன்று நாள்கணக்கில் எரியும். சிகரெட், அடுப்பு, எதுவும் கூடாது.

உடுப்பும் உண்ணியும்

வெளிர் நிற முழுக்கால் சட்டை, கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகி விடுதல், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அல்லது நனைந்தால் கவலைப்படாத பழைய ஷூ. கையில் நீளமான கழி. இந்த நடைக்குக் கழிதான் முக்கியக் கருவி, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். உடைக்கும் ஷூவுக்கும் முந்தைய நாளே பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காயவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் காயும் வரை அதை நெருங்க விடக் கூடாது, ஈரமான பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சிவிரட்டி.

உண்ணியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மான் உண்ணியால் லைம் என்ற பாக்டீரியா நோய் வரும், அதன் குட்டிகள் மே முதல் ஜூலை வரையிலும் பெரியவை இலையுதிர் காலத்திலும் சுறுசுறுப்பாக இருக்கும். முதுகில் வெள்ளைப் புள்ளியுள்ள லோன் ஸ்டார் உண்ணி கடித்துச் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி எல்லாமே ஒவ்வாமையாகிவிடுகிறது. மட்டன் பிரியாணிப் பிரியர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும், காலுறைக்குள் கால்சட்டை தானாகப் போய்விடும்.

மூன்றிலைக் கொத்தாக வரும் பாய்சன் ஐவியும், சதுப்போரம் வளரும் பாய்சன் சுமாக்கும் தோலைப் புண்ணாக்கும். இலை உதிர்ந்த பிறகும் தண்டில் நஞ்சு இருக்கும், தெரியாத கொடியைப் பிடித்துக் கரை ஏற வேண்டாம்.

நடக்கும் முறை

மேலே தொடங்கிக் கீழே இறங்குங்கள். தேக்கத்தின் கரையில் முதலில் போய் நின்று, மதகைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தண்ணீர் போன வழியே வயல் வயலாக வாருங்கள். கீழிருந்து தொடங்கினால் எல்லாக் கரையும் ஒன்றுபோலத் தோன்றி அரை மணியில் குழம்பிவிடும்.

மதகு கிடைத்ததும் கொஞ்சம் நின்று பாருங்கள். இரு பக்கமும் மரத்தாலோ கான்கிரீட்டாலோ சுவர், அவற்றில் எதிரெதிரே செங்குத்தான காடி. அந்தக் காடிகளில் பலகைகளைக் குறுக்காக ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். ஒரு பலகை சேர்த்தால் அந்த அளவு தண்ணீர் உயரும், எடுத்தால் தாழும். கதவு, திருகு எதுவும் கிடையாது, எல்லாம் கைவேலை. அடிப் பலகை மட்டும் சேற்றில் புதைந்து இன்னும் மிஞ்சியிருக்கும், மேலே பாசி மெத்தை போல வளர்ந்திருக்கும். காடியின் விளிம்பை விரலால் தடவினால், வருடக்கணக்காகப் பலகை ஏறி இறங்கித் தேய்ந்த வழுவழுப்பு தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் போயிற்று என்ற சந்தேகம் இருந்தால் மதகின் இரு பக்கமும் பாருங்கள். தண்ணீர் விழுந்து தோண்டிய குழி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் கீழ்ப்பக்கம். அந்தக் குழியில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். இந்தக் காட்டின் தண்ணீர், இலையிலும் வேரிலும் ஊறிய சாயத்தாலும் இரும்பாலும் பழுப்பாக இருக்கும், சுத்தமானதுதான், ஆனால் ஆழத்தைக் காட்டாது.

நடப்பது எப்போதும் கரை மீது. கரையின் அடியை ஒட்டி வயலைச் சுற்றி ஒரு வடிகால் ஓடும், வயலுக்கு நடுவிலும் குறுக்கு வடிகால்கள் இருக்கும். கைவிட்ட வயலில் லெதர்லீஃப் புதரும் கோரையும் பாசியும் அவற்றை மூடி, எல்லாம் ஒரே தரை போலத் தெரியும். புதர் ஒரு கோடாக மட்டும் அடர்த்தியாகவோ பச்சையாகவோ இருந்தால் அதற்கடியில் வடிகால் இருக்கிறது என்று அர்த்தம். வயலுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கரையிலிருந்து வயலுக்கு வண்டி இறங்கிய சரிவோ குழாய் பதித்த பாலமோ எங்காவது இருக்கும், தேடிப் பிடித்து அந்த வழியாகவே போங்கள்.

கரை உடைந்த இடம் வந்தால் தாண்டிக் குதிக்க வேண்டாம். விளிம்பு பார்க்க உறுதியாக இருக்கும், அடியில் தண்ணீர் அரித்து உள்ளே குடைந்திருக்கும். பீவர், மஸ்க்ராட் என்ற நீரோரக் கொறிக்கும் விலங்குகள் கரைக்குள் வளை தோண்டி வைப்பதும் உண்டு. திரும்பி வந்து வேறு கரையில் சுற்றிப் போங்கள். வயல்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் மாற்று வழி அநேகமாக எப்போதும் இருக்கும்.

வற்றிய தேக்கத்துக்குள்

உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன் ஒரு கேள்வி: இது ஏன் வற்றியிருக்கிறது? விடை மூன்றில் ஒன்று. வறட்சியாக இருந்தால் தரை முழுக்க வெறும் சேறாக இருக்கும், ஒரு நல்ல மழைக்குத் தண்ணீர் திரும்பிவிடும். யாராவது பலகைகளை எடுத்திருந்தால் காடியில் புதுக் கீறல் தெரியும், கரையில் டயர் தடம் இருக்கும். அது வேலை நடக்கும் இடம், விலகிப் போங்கள். கரையே உடைந்திருந்தால் நடுவில் பழைய ஓடை தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும், அதன் இரு பக்கமும் செடி முளைத்திருக்கும். 2004 ஜூலையில் ஒரே நாளில் கொட்டிய மழையில் பர்லிங்டன் மாவட்டத்தில் பல சிற்றணைகள் உடைந்தன. மேப்பிள் கன்றுகள் நெஞ்சளவு நிற்கின்றன என்றால் வற்றிச் சில வருடங்களாவது ஆகியிருக்கும், வேர் பிடித்த தரை கொஞ்சம் நம்பகமானது. வெறும் சேறு என்றால் நேற்றுவரை தண்ணீர் இருந்த இடம்.

தரையை மூன்று வளையமாக எண்ணிக்கொள்ளுங்கள். வெளி வளையம் மணல், கெட்டி. தாராளமாக நடக்கலாம், முதல் தடவை இதைத் தாண்டவே வேண்டாம். அடுத்தது மணலும் மக்கிய மண்ணும் கலந்த கறுப்புத் தரை. மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் கூழ். இங்கேதான் கழிக்கு வேலை. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கழியை ஊன்றி உடம்பின் எடையில் கொஞ்சத்தை அதன் மேல் போடுங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அங்கே கால் வைக்காதீர்கள். மூன்றாவது, பழைய ஓடைத் தடத்தை ஒட்டிய நடுப்பகுதி. அது வேண்டாம். அதே போல, பளிச்சென்ற பச்சைப் பாசி மெத்தையாகப் படர்ந்து, மிதித்தால் சுற்றிலும் நடுங்கும் இடமும் வேண்டாம். ஸ்பாக்னம் பாசி அது, அடியில் தரை இருக்கிறதா தண்ணீரா என்று மேலிருந்து சொல்ல முடியாது.

இதற்குத் தனியாகப் போகக் கூடாது. இருவருக்கும் நடுவே பத்தடி இடைவெளி விட்டு நடங்கள், ஒருவர் சிக்கினால் மற்றவர் கெட்டித் தரையில் இருப்பார். கால் புதைந்துவிட்டால் பலமாக மேலே இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க மற்றக் கால் இறங்கும். முதுகுப் பையைக் கழற்றி வீசிவிட்டு, பின்னால் சாய்ந்து உட்காருங்கள், எடை பரவட்டும். கழியைக் குறுக்கே போட்டுப் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் காலைச் சுற்றித் தண்ணீர் இறங்கிப் பிடி தளரும். பூட்ஸ் வரவில்லை என்றால் அது போகட்டும்.

இத்தனை எச்சரிக்கைக்கும் பலன் உண்டா? மணல் வளையத்தில் நின்று பார்த்தாலே உண்டு. பல தேக்கங்கள் சிடார் சதுப்பை மூழ்கடித்துக் கட்டியவை. தண்ணீர் இறங்கியதும், அன்று வெட்டிய சிடார் மரங்களின் அடிக்கட்டைகள் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாக வெளியே வரும். சிடார் எளிதில் மட்காது. உற்றுப் பார்த்தால் கோடரி விழுந்த சாய்வு தெரியும். பிரெண்டன் டி. பெர்ன் அரசுக் காட்டில் இருக்கும் பாகிம் குட்டையும் பக்கத்துக் கிரான்பெர்ரி வயலுக்காகத் தண்ணீர் சேமித்த தேக்கம்தான். அது வற்றவில்லை. அதன் தண்ணீர் பாய்ந்த வயல்தான் இப்போது சதுப்புக் காடாகிவிட்டது. 53 மைல் நீளப் படோனா பாதை அந்தக் குட்டையருகே போகிறது, இளஞ்சிவப்பு அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு போனால் வந்துவிடலாம்.

வழியில் கண்ணில் படுபவை

ஈரமான வடிகால் ஓரங்களில் குனிந்து பாருங்கள். மணலில் சிவப்பாக, நாணய அளவில் ஒட்டிக்கொண்டிருப்பது சன்ட்யூ, இலை முடிகளின் நுனியில் பசைத்துளி, அதில் ஏதாவது ஒரு சிறு பூச்சி. பாசிக்கு நடுவே குடுவை போன்ற இலைகளோடு இருப்பது பிட்சர் செடி, உள்ளே தேங்கிய மழைநீரில் பூச்சியை மூழ்கடித்துச் செரிக்கும். மண்ணில் சத்து இல்லாததால்தான் இந்த வேட்டை. பறிக்கக் கூடாது.

வாய்க்காலில் ஆரஞ்சு நிறக் குழம்பும் மேலே எண்ணெய்ப் படலம் போன்ற மினுமினுப்பும் இருந்தால் யாரோ பெட்ரோல் கொட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். குச்சியால் கிளறுங்கள். கண்ணாடித் துண்டு போல உடைந்து பிரிந்தால் அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை, சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால்தான் எண்ணெய். இந்த இரும்புதான் படிந்து சதுப்பு இரும்புக் கல்லாகி, 1766-இல் தொடங்கிய பட்ஸ்டோ உலையில் உருகி, அமெரிக்க விடுதலைப் போருக்குக் குண்டாகப் போனது.

டிம்பர் ராட்டில் பாம்பு இங்கே உண்டு, அரிது, மாநிலச் சட்டப்படி காக்கப்படும் இனம். கண்டால் விலகி நில்லுங்கள், அதுவே போய்விடும். ஜெர்சி டெவில் என்ற பிசாசைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் நிறையச் சொல்வார்கள். இருட்டுவதற்குள் காருக்குத் திரும்ப அது ஒரு நல்ல சாக்கு.

பழைய பாட்டில், ஆணி, மதகின் இரும்புப் பட்டை எது கிடந்தாலும் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். அரசு நிலத்தில் எடுப்பது குற்றம், தவிர அடுத்து வருகிறவருக்கு அந்த இடத்தைப் புரிய வைப்பது அதுதான். கொடிகள் வரிசையாக, களையில்லாமல், நீர்த்தெளிப்பான் தலைகளோடு இருந்தால் அது உயிருள்ள பண்ணை. ஒரு மிதி மிதித்தாலும் ஒருவரின் அடுத்த வருடக் காய்ப்பை மிதித்ததாக ஆகும்.

திரும்பி வந்ததும்

உடையைத் துவைக்கும் முன்னாலேயே உலர்த்தியில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள், உண்ணி அதில் செத்துவிடும். வெறுமனே குளிர்ந்த நீரில் துவைத்தால் சாகாது. குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள், குழந்தைகளுக்கு நீங்களே பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த சில வாரங்களில் வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போய், காட்டில் நடந்த தேதியையும் உண்ணி இருந்த இடத்தையும் சொல்லுங்கள்.